கேட்டால் சொல்வேன்: தீர்ப்புக்கு மறுநாள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி நீதிமன்றத்தைப் பற்றியவை. நான் பல வருடம் நீதிபதியின் மேடைக்குக் கீழே பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தவன் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. நான் வக்கீல் இல்லை, நீதிபதியும் இல்லை. இரண்டு பேரும் மதியத்துக்கு மேல் கண்ணசந்ததைப் பார்த்தவன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சட்டம் இயற்ற நாடாளுமன்றம், நடைமுறைப்படுத்த அரசு, விளக்கம் சொல்ல நீதிமன்றம் என்று பாடத்தில் இருக்கிறது. விளக்கம் சொல்ல ஒரு தனித் துறையே வேண்டுமா ஐயா? எழுதியவர்களையே கேட்டால் போதாதா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: பாடத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது அம்மா. நீதிமன்றம் உட்கார்ந்திருப்பது விளக்கம் சொல்ல அல்ல, வழக்கைத் தீர்க்க. நிலம் யாருடையது, கடன் பாக்கி இருக்கிறதா இல்லையா, திருடியது இந்த ஆள்தானா, இப்படி யாராவது ஒரு தகராறோடு வந்து நிற்க வேண்டும். அதைத் தீர்க்கும்போது சட்டத்தின் ஒரு வரி இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுத்தால், எப்படிப் படிப்பது என்று சொல்லித்தான் ஆகவேண்டும். விளக்கம் அப்படித்தான் பிறக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்திடம் 1793-ல் அதிபர் வாஷிங்டன் தரப்பு சில சட்டக் கேள்விகளை அனுப்பி ஆலோசனை கேட்டது. வழக்கு இல்லாமல் வாய் திறக்க மாட்டோம் என்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். இந்தியாவிலும் கனடாவிலும் அரசு அப்படிக் கேட்கலாம், நீதிமன்றம் கருத்துச் சொல்லலாம். ஆனால் அதெல்லாம் எப்போதோ ஒரு தடவை.

எழுதியவர்களையே கேட்டால் என்ன என்கிறீர்கள். வழக்கில் நிற்பது யார் என்று பார்த்துவிட்டு அவர்கள் விளக்கம் சொல்வார்கள், அதுதான் சிக்கல். இங்கிலாந்தில் 1607 வாக்கில் மன்னர் முதலாம் ஜேம்ஸ், நீதிபதிகள் என் பிரதிநிதிகள்தானே, நானே உட்கார்ந்து சில வழக்குகளைத் தீர்க்கிறேன் என்றார். தலைமை நீதிபதியாக இருந்த எட்வர்ட் கோக் மறுத்தார். மன்னருக்கு அறிவு உண்டு, ஆனால் சட்டம் என்பது நெடுநாள் படிப்பாலும் பழக்கத்தாலும் வருவது, மன்னரும் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழே என்று சொன்னதாகக் கோக் தன் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதே சர்ச்சையைப் பற்றி வேறொருவர் எழுதிய அந்தக் காலத்துக் கடிதமோ, மன்னருக்கு வந்த கோபத்தைப் பார்த்துக் கோக் தரையில் விழுந்து கெஞ்சினார் என்கிறது. இரண்டுமே நடந்திருக்கலாம். 1616-ல் அவருடைய பதவியைப் பறித்துவிட்டார்கள். அவர் சொன்னது மட்டும் நின்றுவிட்டது.

கேள்வி: மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் கொண்டுவந்த சட்டத்தை, யாரும் ஓட்டுப் போடாத நீதிபதி செல்லாது என்கிறார். இந்த அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: சில நாடுகளில் அரசியலமைப்புச் சட்டமே கொடுத்தது. சில நாடுகளில் இன்றுவரை கொடுக்கவில்லை. ஒரு நாட்டில் நீதிமன்றம் தானே எடுத்துக்கொண்டது. அந்தக் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன். கோர்ட் ஆபீஸில் வேலை பார்த்தவனுக்கு அது ரொம்பப் பிடித்த கதை. காரணம், எல்லாம் ஒரு தபால் பட்டுவாடாவில் ஆரம்பித்தது.

1801 மார்ச் 3. தேர்தலில் தோற்ற அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ் மறுநாள் பதவி இறங்க வேண்டும். இறங்குகிற நேரத்தில் தன் கட்சிக்காரர்களை நீதித்துறைப் பதவிகளில் நியமித்துக் கையெழுத்துப் போடுகிறார். உத்தரவுகளில் முத்திரை வைத்து உரியவர்களிடம் சேர்ப்பது வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷலின் பொறுப்பு. அவருடைய தம்பி ஜேம்ஸ் சிலவற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மொத்தத்தையும் கொண்டுபோகத் தோதுப்படவில்லை என்று சிலவற்றைத் திருப்பி வைத்துவிட்டார். பட்டுவாடா ஆகாமல் ஆபீஸில் கிடந்தவற்றில் ஒன்று வில்லியம் மார்பரி என்பவருடையது. பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம், தலைநகர் வட்டாரத்தில் சில்லறை வழக்குகள் பார்க்கிற ஐந்து வருட வேலை. புதிய அதிபர் ஜெஃபர்சன் வந்ததும், மிச்சம் கிடப்பதைக் கொடுக்க வேண்டாம் என்றுவிட்டார்.

மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே தலைமை நீதிபதி நாற்காலியில் இருந்தவர், அந்த உத்தரவைச் சேர்க்காமல் விட்ட அதே ஜான் மார்ஷல்! இன்றைக்கு என்றால் இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று கட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று அந்தப் பேச்சே எழவில்லை. நாடாளுமன்றம் வேறு கோபத்தில் 1802-ல் நீதிமன்றம் கூடவே முடியாதபடி சட்டம் போட்டு வைத்திருந்தது. உத்தரவைக் கொடு என்று தீர்ப்புச் சொன்னால் ஜெஃபர்சன் மதிக்கப்போவதில்லை. கொடுக்க வேண்டாம் என்றால் நீதிமன்றம் பயந்துவிட்டது என்று ஊர் சிரிக்கும்.

1803 பிப்ரவரி 24-ல் தீர்ப்பு வந்தது. மார்பரிக்கு உரிமை உண்டு. அரசு செய்தது தப்பு. ஆனால் அவர் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு வர வழிசெய்த சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, அது செல்லாது, ஆகவே எங்களால் உத்தரவிட முடியாது. மார்பரிக்குக் கடைசிவரை பதவி கிடைக்கவில்லை. ஜெஃபர்சனுக்கு மீறுவதற்கு ஒரு உத்தரவும் கிடைக்கவில்லை. நீதிமன்றம் மட்டும், சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து போனது. அப்புறம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இன்னொரு சட்டத்தைச் செல்லாது என்று அது அறிவித்தது 1857-ல்தான். எதற்காக? கறுப்பினத்தவர் அந்நாட்டின் குடிமக்களாகவே முடியாது என்று சொன்ன டிரெட் ஸ்காட் வழக்கில். இந்த அதிகாரம் எப்போதும் நல்லவர்கள் பக்கம்தான் பேசும் என்று நம்புகிறவர்களுக்கு அந்த இரண்டாவது தடவையை நான் ஞாபகப்படுத்துவது வழக்கம்.

மற்ற நாடுகள் ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. நெதர்லாந்தின் அரசியலமைப்பு, 120-ஆவது பிரிவில், நாடாளுமன்றச் சட்டம் அரசியலமைப்புக்குப் பொருந்துகிறதா என்று நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்கிறது. பிரிட்டனில் நாடாளுமன்றச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது. மனித உரிமைக்கு முரணாக இருக்கிறது என்று அறிவிக்கலாம், அவ்வளவுதான். இலங்கையின் 1978 அரசியலமைப்பில் மசோதாவாக இருக்கும்போது உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டமாகிவிட்டால் கதவு மூடிவிடும். கனடாவில் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னாலும், சில உரிமைகளைப் பொறுத்தவரை, ஐந்து வருடத்துக்கு இந்தச் சட்டம் இருக்கத்தான் இருக்கும் என்று சட்டமன்றம் சொல்லலாம், ஐந்து வருடம் கழித்து மறுபடியும் சொல்லலாம். இந்தியா மறுகோடி. அங்கே அரசியலமைப்பின் 13-ஆவது பிரிவே அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது. 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அரசியலமைப்பைத் திருத்தினாலும் அதன் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாது என்றது. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 7-க்கு 6. ஏழு பேரில் ஒரே ஒருவர் மறுபக்கம் போயிருந்தால் வேறு வரலாறு.

ஓட்டு வாங்காதவருக்கு எதற்கு இந்த அதிகாரம் என்றால், ஓட்டு வாங்கியவருக்கு அதிகாரம் கொடுத்ததும் அதே அரசியலமைப்புதான் என்பேன். அதற்காக நீதிபதி சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. கனடாக்காரர்கள் ஒரு சந்து விட்டுவைத்திருப்பது எனக்குத் தப்பாகப் படவில்லை.

கேள்வி: நீதிமன்றத்துக்கு ராணுவம் கிடையாது, கஜானாவும் கிடையாது. அரசாங்கம் முடியாது என்றால் என்ன செய்யும்? (வாசகர்)

பதில்: ஒன்றும் செய்ய முடியாது, தம்பி. அதனால்தான் தீர்ப்பு நாளை விட அதற்கு மறுநாளைக் கவனியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது.

லண்டன், 2019 செப்டம்பர் 24. பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கி வைத்தது சட்டவிரோதம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். தலைவர் லேடி ஹேல் தோளில் பெரிய சிலந்தி வடிவ ஊசி குத்திக்கொண்டு வந்து தீர்ப்பை வாசித்தார், படத்தில் பார்த்திருப்பீர்கள். முடக்க உத்தரவை எடுத்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்குள் போனவர்கள் வெறும் வெள்ளைத்தாளோடு போனதற்குச் சமம் என்றது தீர்ப்பு. போலீஸ் போகவில்லை, யாரையும் மிரட்டவில்லை. மறுநாள் காலை நாடாளுமன்றம் கூடிவிட்டது. பிரதமர் தீர்ப்பு தப்பு என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே கீழ்ப்படிந்தார். சொல்லட்டுமே! கீழ்ப்படிந்தால் சரி.

மறுநாள் வராத தீர்ப்பும் உண்டு. 1832-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்றது. அந்தச் சட்டத்தின்படி கடுங்காவலில் இருந்த பாதிரியார் சாமுவேல் வோர்செஸ்டர் உடனே வெளியே வந்திருக்க வேண்டும். ஜார்ஜியா அசையவில்லை. 1833 ஜனவரியில்தான் வந்தார், அதுவும் ஆளுநரின் மன்னிப்பில். மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே அமல்படுத்திக்கொள்ளட்டும் என்று அதிபர் ஜாக்சன் சொன்னதாக ஒரு வசனம் உலாவுகிறது. அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை, சும்மா இருந்தாலே போதும். 1838-ல் செரோக்கி மக்களைத் துப்பாக்கி முனையில் துரத்தினார்கள், வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்தத் தீர்ப்பு நூலகத்தில் பத்திரமாக இருந்தது.

அதே நாட்டில் 1957-ல் லிட்டில் ராக் என்ற ஊரில் ஒன்பது கறுப்பின மாணவர்களை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க நீதிமன்ற உத்தரவு. மாநில ஆளுநர் காவல்படையை வைத்து வாசலில் தடுத்தார். பள்ளிகளில் இன வாரியாகப் பிரிக்கக் கூடாது என்ற 1954 தீர்ப்பின் மேல் அதிபர் ஐசன்ஹோவருக்குப் பெரிய உற்சாகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ராணுவத்தின் 101-ஆவது பாராசூட் படைப்பிரிவை அனுப்பினார். சிப்பாய்கள் புடைசூழ அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் படியேறினார்கள். இரண்டு சம்பவத்திலும் நீதிமன்றம் ஒன்றுதான், அரசியலமைப்பும் பெரும்பாலும் ஒன்றுதான். மாறியது பக்கத்து வீட்டுக்காரர், அதாவது அதிபர்.

நீதிமன்றத்துக்கென்று சொந்தமாக இருக்கிற ஒரே பிரம்பு அவமதிப்பு வழக்கு. தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா, ஊழல் விசாரணை ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொல் என்ற அரசியலமைப்பு நீதிமன்றத்தின் உத்தரவை மதிக்கவில்லை. 2021 ஜூன் 29-ல் 15 மாதச் சிறை விதித்தார்கள். கெடு முடிகிற ஜூலை 7 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் சரணடைந்தார். அந்த நீதிமன்றம் எந்த இடத்தில் கட்டியது தெரியுமா? காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த ஜோகன்னஸ்பர்க் பழைய சிறை வளாகத்தில். இடித்த சிறைக் கட்டடத்தின் செங்கல்லையே சுவருக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி: நீதிபதிகளை யார் நியமிக்க வேண்டும்? மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் என்ன? (வாசகி)

பதில்: போலிவியா 2011-ல் செய்து பார்த்தது. மெக்சிகோ 2025 ஜூனில் உச்ச நீதிமன்றத்திலிருந்து கீழ்வரை ஓட்டுப் போட்டது. நூறு பேரில் சுமார் 13 பேர்தான் ஓட்டுச்சாவடிக்கு வந்தார்கள். பெயரே தெரியாத நீளப் பட்டியலிலிருந்து நீதிபதியைத் தேர்ந்தெடு என்றால் யார் வருவார்கள்? அப்புறம், அடுத்த தேர்தலை நினைத்துக்கொண்டே தண்டனை எழுதுகிற நீதிபதியை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எனக்கு ஜெர்மனி வழி பிடிக்கும். அரசியலமைப்பு நீதிமன்றத்தில் 16 பேர். பாதிப் பேரை ஒரு சபையும் மீதியை இன்னொரு சபையும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும், அதனால் எதிர்க்கட்சியைக் கேட்காமல் ஆளைப் போட முடியாது. 12 வருடம், ஒரே தடவை. மறுநியமனம் கிடையாது என்பதால் யாரிடமும் பல்லிளிக்க வேண்டியதில்லை.

நியமனத்தை விடப் பதவியிறக்கம்தான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் 1701-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான், ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை நீதிபதியை மன்னர் தன் இஷ்டத்துக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று ஆனது. மலேசியாவில் 1988-ல் நாட்டின் தலைமை நீதிபதியையே தீர்ப்பாயம் வைத்து நீக்கினார்கள். அதே வருடம் அரசியலமைப்பைத் திருத்தி, நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உரியது என்ற வாசகத்தையும் எடுத்தார்கள். இலங்கையில் முதல் பெண் தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்கவை 2013 ஜனவரியில், அந்த விசாரணை முறையே செல்லாது என்று நீதிமன்றங்கள் சொன்ன பிறகும், பதவி நீக்கினார்கள். ஆட்சி மாறியதும் 2015 ஜனவரி 28-ல் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், மறுநாளே ஓய்வு பெற்றார். இந்தியாவில் நீக்கவில்லை, தாண்டிப் போனார்கள். முன்னால் சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது 1973 ஏப்ரல் 24. மறுநாள், அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிய மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதி என்று அறிவிப்பு வந்தது. மூவரும் ராஜினாமா செய்துவிட்டார்கள்.

கேள்வி: உங்கள் அனுபவத்தில் நீதிமன்றத்துக்குள் இருக்கிற பெரிய அதிகாரம் எது? தூக்குத் தண்டனையா? (வாசகர்)

பதில்: பட்டியல் போடுவது.

சிரிக்காதீர்கள். சாயங்காலம் மறுநாளைய வழக்குப் பட்டியல் ஒட்டுவோம். நோட்டீஸ் போர்டில் பசை காய்வதற்குள் வக்கீல் குமாஸ்தாக்கள் மொய்த்துவிடுவார்கள். எத்தனையாவது நம்பர் என்று பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் தேடுவது எந்த நீதிபதி முன்னால் என்பதை. நம்பர் ஐந்து என்றால் வழக்கு நடக்கும். தொண்ணூறு என்றால் வாய்தாதான், கட்சிக்காரரை வரவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி காரணம் எழுத வேண்டும், அதை மேல்கோர்ட் படிக்கும். பட்டியலில் வராத வழக்குக்கு யாரும் காரணம் எழுதுவதில்லை, அதனால் மேல்முறையீடும் கிடையாது.

ஜெர்மனிக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு அரசியலமைப்பிலேயே, 101-ஆவது பிரிவில், எவரையும் அவருக்குச் சட்டப்படி உரிய நீதிபதியிடமிருந்து விலக்கக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த வகை வழக்கு யாரிடம் போகும் என்பதை ஒவ்வொரு நீதிமன்றமும் முன்கூட்டியே வருடத்துக்குத் திட்டம் போட்டு வைத்துவிட வேண்டும். வழக்கைப் பார்த்துவிட்டு ஆளைத் தேட முடியாது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பங்கீடு தலைமை நீதிபதி கையில். 2018 ஜனவரி 12-ல் மூத்த நீதிபதிகள் நால்வர் புல்வெளியில் நாற்காலி போட்டுப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார்களே, அவர்களுடைய முக்கியமான குறையே முக்கிய வழக்குகள் யாருக்கு ஒதுக்கப்படுகின்றன என்பதுதான்.

கேள்வி: நீதிபதிகள் தாமாகவே ஒரு விஷயத்தை எடுத்து விசாரிக்கலாமா?

பதில்: பெரும்பாலான நாடுகளில் முடியாது, யாராவது மனு போட வேண்டும். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்ததுண்டு. 1970-களின் கடைசியில் டெல்லி திகார் சிறையில் சக கைதி ஒருவர் வார்டரிடம் பட்ட சித்திரவதையைப் பற்றி இன்னொரு கைதி நீதிபதிக்கு எழுதிய கடிதத்தையே இந்திய உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. அருமையான காரியம். ஆனால் தினசரிப் பத்திரிகை படித்துவிட்டு வழக்குப் பதிகிற நீதிமன்றம் எனக்குப் பயம் தரும், எந்தப் பத்திரிகை படிக்கிறார் என்பது முக்கியமாகிவிடுகிறது.

கேள்வி: அதிபர், பிரதமர் என்று பெரிய இடத்துச் சண்டையாகவே சொல்கிறார்களே. சாதாரண ஆளுக்கு நீதித்துறையால் என்ன பிரயோஜனம்? (வாசகி)

பதில்: ஆட்கொணர்வு மனு. பிடித்து வைத்திருக்கும் ஆளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி பிடித்தாய் என்று சொல். நீதிமன்றத்தின் அதிகாரங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். கொலை வழக்கை விட இந்த மனு வருகிற அன்று ஹாலில் சத்தம் குறைவாக இருக்கும்.

ஜேம்ஸ் சாமர்செட் என்று ஓர் அடிமை. எஜமானரோடு பாஸ்டனிலிருந்து லண்டன் வந்தவர், 1771-ல் தப்பி ஓடினார். பிடித்து, ஜமைக்காவுக்குப் போகிற கப்பலில் சங்கிலியில் கட்டிவிட்டார்கள், அங்கே விற்பதற்கு. அவருக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானப் பெற்றோராக நின்ற மூன்று பேர் நீதிபதி மான்ஸ்ஃபீல்டிடம் ஓடினார்கள். கப்பல் தலைவருக்கு உத்தரவு போனது, அவரும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். மான்ஸ்ஃபீல்டுக்குத் தீர்ப்புச் சொல்லவே மனமில்லை. நாட்டில் எத்தனையோ பேர் பணம் இதில் முடங்கியிருக்கிறது, இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக் கூடாதா என்று வாய்தா மேல் வாய்தா போட்டார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1772 ஜூன் 22-ல், ஓர் ஆளை இப்படிப் பலவந்தமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோக இங்கிலாந்தில் சட்டம் எதுவும் அனுமதிக்கவில்லை, விட்டுவிடுங்கள் என்றார். அடிமை முறை ஒழிந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை, பிரிட்டிஷ் காலனிகளில் அதற்கு 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அன்று அந்த ஒரு மனிதர் ஹாலை விட்டுத் தன் காலில் நடந்து போனார்.

இதே அதிகாரத்தை நீதிமன்றமே கைவிட்ட நாளும் உண்டு. நெருக்கடி நிலையின்போது பிடித்து வைத்தவர்களுக்கு ஆட்கொணர்வு மனு போட உரிமை உண்டா என்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1976-ல் வழக்கு நடந்தது. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். மூப்புப்படி வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி 1977 ஜனவரியில் அவரைத் தாண்டிப் போனது. அந்தத் தீர்ப்பு தப்பு என்று அதே நீதிமன்றம் 2017-ல் சொன்னது. சொன்ன நீதிபதிகளில் ஒருவர், அன்று அந்த நால்வரில் இருந்தவரின் மகன்.

கேள்வி: உச்ச நீதிமன்றமே தப்பாகத் தீர்ப்புச் சொன்னால்?

பதில்: மேலே சொன்னதுதான், காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மக்களை இன வாரியாகப் பிரிக்க இடம் கொடுத்த 1896 தீர்ப்பு, பள்ளிகளைப் பொறுத்தவரை 1954-ல் போனது. நாங்கள் தவறே செய்யாதவர்கள் என்பதால் எங்கள் சொல் கடைசிச் சொல் ஆகவில்லை, கடைசிச் சொல் என்பதால்தான் தவறே செய்யாதவர்கள் ஆகிறோம் என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் 1953-ல் எழுதினார். ஒரு நீதிபதி தன் தீர்ப்பிலேயே இப்படி எழுத முடிகிற நீதிமன்றம் எனக்கு நம்பிக்கை தரும்.

கேள்வி: தீர்ப்பைத் திட்டினால் உள்ளே தள்ளுவார்களா? (பயத்தோடு ஒரு வாசகர்)

பதில்: தீர்ப்பு தப்பு என்று சொல்வது வேறு, காசு வாங்கிக்கொண்டு எழுதினார் என்று ஆதாரமில்லாமல் சொல்வது வேறு, தீர்ப்பை மதிக்காமல் நடப்பது முற்றிலும் வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள், காரணத்தோடு. 1987-ல் லண்டன் டெய்லி மிரர் பத்திரிகை மூன்று நீதிபதிகளின் படத்தைத் தலைகீழாக முதல் பக்கத்தில் போட்டு, முட்டாள்களா என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தது. ஒரு நடவடிக்கையும் இல்லை. நீதிமன்றத்தின் பெயரைக் கெடுத்தல் என்ற குற்றத்தையே இங்கிலாந்தில் 2013-ல் எடுத்துவிட்டார்கள். எல்லா நாடும் அப்படி இல்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

கேள்வி: கடன் வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி வருடக்கணக்காகிறது. இதுவரை ஒரு காசு வரவில்லை. நீதிமன்றம் ஏன் வசூலித்துத் தரவில்லை? (வாசகர்)

பதில்: நீங்கள் கேட்கவில்லை, அதனால் தரவில்லை. இதை எத்தனை பேருக்கு நான் ஜன்னல் வழியாகச் சொல்லியிருப்பேன்! தீர்ப்பு என்பது உங்களுக்கு இவ்வளவு வரவேண்டும் என்ற அறிவிப்பு. எதிராளி தானாகக் கொடுத்துவிட்டால் சரி. கொடுக்காவிட்டால் பெரும்பாலான நாடுகளில் நீங்கள்தான் திரும்ப வந்து நிறைவேற்று மனு போட வேண்டும். எதிராளிக்கு எங்கே சொத்து இருக்கிறது, எந்த வங்கியில் கணக்கு, எங்கே சம்பளம் என்று முடிந்தவரை நீங்களே விசாரித்து மனுவில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் ஜப்தி, ஏலம் எல்லாம். ஜெயித்தவர் வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார், தோற்றவர் அதற்குள் வீட்டை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிடுகிறார்.

முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். வக்கீல் குமாஸ்தா கட்டில் இருக்கும், உங்களிடம் இருக்காது. அடுத்து, எதிராளி மேல்முறையீடு செய்தாரா, செய்திருந்தால் தடையாணை வாங்கினாரா என்று விசாரியுங்கள். மேல்முறையீடு மட்டும் இருந்து தடையாணை இல்லையென்றால் பொதுவாக நீங்கள் வசூலுக்குப் போகலாம். நிறைவேற்று மனுவுக்கும் காலவரம்பு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். நாளைக்கே வக்கீலைப் பார்த்து உங்கள் தீர்ப்புத் தேதியைச் சொல்லி, கெடு இன்னும் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.